பற்றாத அடுப்பும் பதறாத கையும்



வீட்டில் ஒரு மின்குமிழ் எரியாவிட்டால் அன்றைக்கே யாராவது மாற்றிவிடுவார்கள். மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாவிட்டால் உடனே கராஜுக்குப் போய்விடும். ஆனால் கேஸ் அடுப்பின் ஒரு பக்கம் பற்றாவிட்டால் மறுபக்கத்தில் சமைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காலம் கடத்துவோம். கற்பிட்டி, பாலாவி, முந்தல் பகுதிகளில் வீடுகளுக்குச் செல்லும்போது ஏன் திருத்தவில்லை என்று கேட்டால், எனக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அவர் வந்தா பாப்பாரு மிஸ்." அவர் கடலுக்குப் போயிருப்பார், அல்லது கட்டாரில் இருப்பார்.

நாளொன்றுக்கு மூன்று நான்கு மணித்தியாலம் அடுப்பருகில் நிற்பவர்கள் நாம். அதை வாங்குவதும் திருத்துவதும் ஆண்களின் வேலை, சமைப்பது மட்டுமே பெண்களின் வேலை என்று நம் சமூகம் பிரித்து வைத்திருக்கிறது. இந்தப் பிரிவினையின் விலையை 2021ஆம் ஆண்டின் இறுதியில் கண்டோம்.

அந்த நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் கேஸ் வெடிப்புச் செய்திகள் தினமும் வந்தன. கண்ணாடித் தட்டுடைய அடுப்புகள் நொறுங்கின. ஹோஸ், ரெகுலேட்டர் போன்றவற்றில் கசிவும் தீயும் ஏற்பட்டன. உயிர்களும் பறிபோயின. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு இதை ஆராய்ந்தது. சிலிண்டரில் உள்ள புரொப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களின் கலவை விகிதம் மாறியதே பிரதான காரணம் என்று அக்குழு தெரிவித்தது. நமது நாட்டு வெப்பநிலையில் புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனின் அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. புரொப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டரின் அமுக்கமும் கூடும். பழைய ரெகுலேட்டரும் வெடித்த ஹோஸும் அதைத் தாங்க மாட்டா.

அந்த நாட்களில் ஊரில் பேச்சு எப்படி இருந்தது? "அவள் கவனமில்லாமல் இருந்திருப்பாள்" என்றே பலர் சொன்னார்கள். கலவையை மாற்றியது எந்தக் குசினியிலும் நின்ற பெண் அல்ல. ஆனால் அடுப்பின் பாகங்களைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாததால், இது என் பிழை அல்ல என்று எடுத்துச் சொல்லவும் முடியவில்லை. எந்தக் கோளாறு நம் கையால் தீரும், எது திருத்துபவரின் வேலை, எது கம்பனியின் பொறுப்பு என்பதைப் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். இம்மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

இதற்கு இன்னொரு அவசியமும் உண்டு. லிட்ரோ 12.5 கிலோ சிலிண்டரின் விலை 2021 ஒக்டோபரில் 1,493 ரூபாவிலிருந்து 2,675 ரூபாவாகவும், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாகவும் உயர்ந்தது. பணம் இருந்தவர்களுக்கும் கேஸ் கிடைக்கவில்லை. பலர் விறகுக்குத் திரும்பினார்கள். அடுப்பை உரப்பையால் மூடி மூலையில் வைத்தார்கள். பின்பு சிலிண்டர் கிடைத்தபோது, நெடுநாள் கிடந்த அதே அடுப்பைத் துடைத்துவிட்டு நேரடியாகப் பற்ற வைத்தவர்கள் அநேகர். உள்ளே சிலந்தி கூடு கட்டியிருக்கும், பர்னரில் கறள் ஏறியிருக்கும், ஹோஸ் காய்ந்து வெடித்திருக்கும். இன்றும் கேஸும் விறகுமாக மாறி மாறிச் சமைக்கும் வீடுகளில் இதே நிலைதான்.

அடுப்பு எப்படி எரிகிறது?

சிலிண்டரிலிருந்து வரும் வாயுவின் அமுக்கத்தை ரெகுலேட்டர் குறைக்கிறது. ஹோஸ் வழியாக அது அடுப்புக்கு வருகிறது. குமிழைத் திருப்பும்போது 'ஜெட்' எனப்படும் ஊசிமுனை போன்ற சிறு துவாரத்தினூடாக வாயு வேகமாகப் பாய்கிறது. பாயும்போது பக்கத்துத் துளையால் காற்றையும் இழுத்துக்கொள்கிறது. இரண்டும் குழாயில் கலந்து, பர்னரின் துவாரங்களால் வெளியேறி எரிகின்றன. காற்றை முன்கூட்டியே கலந்து எரிக்கும் இந்த முறையை, 1855 அளவில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் ரொபர்ட் புன்சன் பயன்படுத்திய சுடரடுப்பு உலகெங்கும் பரப்பியது. பாடசாலை ஆய்வுகூடத்தில் நாம் பார்த்த புன்சன் சுடரடுப்பு அதுவே. காற்று போதியளவு கலந்தால் சுவாலை நீலமாகவும், குறைந்தால் மஞ்சளாகவும் இருக்கும்.

குமிழைத் திருப்பும்போது 'டக்' என்று கேட்கும் ஒலியும் ஒரு விஞ்ஞானத்தின் பயன்தான். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880இல் பியர் கியூரியும் அவரது சகோதரர் ஜாக் கியூரியும் கண்டறிந்தார்கள். இந்தப் பியர்தான் பின்னர் மேரி கியூரியின் கணவரானவர். அடுப்பினுள் ஒரு சிறு சுத்தியல் அத்தகைய துண்டொன்றில் அடிக்கிறது. அதில் பிறக்கும் மின்சாரம் கம்பி வழியாக பர்னருக்கு அருகிலுள்ள வெள்ளைப் பீங்கான் குச்சிக்கு வந்து, அதன் முனையிலிருந்து தீப்பொறியாகப் பாய்கிறது. சில அடுப்புகளில் இந்த வேலையைப் பற்றரி செய்கிறது.

அடுப்பு பற்றாவிட்டால் கோளாறு இரண்டில் ஒன்றில் இருக்கும். பொறி வரவில்லை, அல்லது வாயு வரவில்லை. இதைப் பிரித்தறிவதே முதல் வேலை.

பொறி வராவிட்டால்

ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் மணம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பின்னர், குசினியைச் சற்று இருட்டாக்கிக் குமிழைத் திருப்பிப் பாருங்கள். முனையிலிருந்து பர்னருக்கு நீல நிறப் பொறி பாய வேண்டும்.

பொறி இல்லையென்றால் பெரும்பாலும் காரணம் ஈரமே. சோற்றுக் கஞ்சி பொங்கி வழிந்திருக்கும், அல்லது அடுப்பைக் கழுவிய ஈரம் காயாமல் இருக்கும். உலர்ந்த துணியால் பீங்கானையும் முனையையும் துடைத்துக் காய விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சவர்க்காரத் துணியால் துடைத்து, பின் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து உலர்த்துங்கள். நம் கடற்கரையில் இன்னொரு காரணமும் உண்டு. உப்புக் காற்று படியும் இடமெல்லாம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அந்த ஈர உப்பின் வழியே மின்சாரம் கசிந்து, முனைக்கு வராமல் போகும். கிழமைக்கு ஒருமுறை துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பற்றரி அடுப்பானால் பற்றரியை மாற்றிப் பாருங்கள். அதன் முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் சுரண்டித் துடையுங்கள். முனைக்கும் பர்னருக்கும் இடைவெளி சுமார் 3 முதல் 5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பாத்திரம் இடித்து வளைந்திருந்தால் பொறி பாயாது. பீங்கானில் வெடிப்பு இருந்தாலோ கம்பி கழன்றிருந்தாலோ திருத்துபவரிடம் கொடுங்கள். அதுவரை நெருப்புக்குச்சியால் பற்ற வைக்கலாம். ஆனால் முதலில் குச்சியைப் பற்றவைத்து பர்னருக்கு அருகில் பிடித்து, அதன்பின்பே குமிழைத் திறக்க வேண்டும். வாயுவைத் திறந்துவிட்டு நெருப்புப் பெட்டியைத் தேடுவது மிகவும் ஆபத்தானது.

பொறி வந்தும் பற்றாவிட்டால்

சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா, ரெகுலேட்டர் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் மாற்றிய உடனே ஹோஸில் காற்று இருக்கும், சில வினாடிகள் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பற்றாவிட்டால் அந்த பர்னரின் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது துவாரங்களும் ஜெட்டும் அடைபட்டிருக்கின்றன என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு விடயத்தை மனதில் பதியுங்கள். இரண்டு மூன்று தடவை திருப்பியும் பற்றாவிட்டால் குமிழை மூடுங்கள். கதவையும் யன்னலையும் திறந்து சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். நமது சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. புரொப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு பாரம். அது மேலெழுந்து கலைந்து போகாமல் தரையிலும் அடுப்பு மேசைக்குக் கீழும் தங்கும். காற்றில் 2 வீதமளவு கலந்தாலே தீப்பற்றப் போதும். அவசரத்தில் பத்துத் தடவை 'டக் டக்' என்று திருப்பிவிட்டு, பதினோராவது தடவை பற்றும்போது முகத்தில் அடிப்பது அங்கே சேர்ந்திருந்த வாயுதான். அவணும் கிரில்லும் உள்ள அடுப்பில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பற்ற வைக்க வேண்டும். கண்ணாடி மூடியுள்ள அடுப்பிலும் மூடியைத் திறந்த பின்பே கை வைக்க வேண்டும்.

சுவாலை சொல்லும் செய்தி

பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறதா? சுவாலை நீண்டு, சோம்பலாக, மஞ்சளாக எரிகிறதா? அப்படியானால் காற்று போதவில்லை. காற்றுத் துளையிலோ குழாயிலோ தூசி, பூச்சி, சிலந்தி வலை அடைத்திருக்கும். கேஸ் வீணாவதோடு, மணமே இல்லாத காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவும் உண்டாகும். யன்னல் இல்லாத சிறு குசினியில் தலையிடியும் மயக்கமும் வந்தால் அடுப்பையும் சந்தேகியுங்கள்.

ஆனால் எல்லா மஞ்சளும் கோளாறு அல்ல. நீலச் சுவாலையின் நடுவே செம்மஞ்சள் பொறி அவ்வப்போது மின்னி மறைந்தால் அது உப்பாக இருக்கலாம். உப்பில் உள்ள சோடியம் சுவாலையை மஞ்சளாக்கும். மீன் ஆணம் பொங்கினாலும், சோளகக் காலத்தில் கடற்காற்று படிந்தாலும் இப்படி நிகழும். கரி பிடிக்காவிட்டால் பயப்பட வேண்டியதில்லை, பர்னரைக் கழுவினால் போதும்.

சுவாலை பர்னரைவிட்டுத் துள்ளி, இரைச்சலோடு எரிந்தால் காற்று மிகுதி, அல்லது அமுக்கம் மிகுதி. எல்லா பர்னரிலும் திடீரென்று அப்படி எரிந்தால் ரெகுலேட்டரில் கோளாறு இருக்கக்கூடும். உடனே மூடி, சிலிண்டர் வாங்கிய இடத்துக்கு அறிவியுங்கள். இது நம் கையால் தீரும் வேலை அல்ல.

மே மாதம் தொடக்கம் சோளகம் வீசும்போது சுவாலை அணைந்துவிடுவதுண்டு. அணைந்தபின்னும் சாதாரண அடுப்பில் வாயு வந்துகொண்டே இருக்கும். ஆகவே அடுப்பை யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். காற்றுக்கு மறைப்பாக பர்னரைச் சுற்றித் தகரம் வைப்பதும் நல்லதல்ல. சூடு வெளியேற வழியின்றி குமிழையும் ஹோஸையும் தாக்கும்.

மாதத்தில் ஒரு நாள்

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு முற்றாக ஆறிய பின் பர்னர் மூடிகளைக் கழற்றுங்கள். சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் ஊற வைத்து, பழைய பல் தூரிகையால் தேயுங்கள். அடைபட்ட துவாரங்களை ஊசியால் மெதுவாகத் திறக்கலாம். ஈர்க்குச்சி வேண்டாம், உள்ளே முறிந்துவிடும். பித்தளை மூடியைப் புளியால் துலக்கலாம், ஆனால் புளிப்பு மிஞ்சாமல் கழுவ வேண்டும். அலுமினியத்தில் புளியோ சோடாவோ போடாதீர்கள், அரித்துவிடும். கழுவியதை வெயிலில் நன்றாகக் காய வைத்து, மேடு பள்ளம் பொருந்தும்படி உட்கார வையுங்கள். தட்டையும் தாங்கியையும் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். வெறும் உலர்ந்த துணி உப்பை எடுக்காது.

ஜெட்டின் துவாரத்தில் மட்டும் ஊசி விடாதீர்கள். அது சற்றுப் பெருத்தாலும் வாயு மிகுதியாக வந்து கரி பிடிக்கும். கறள் அரித்து ஓட்டை விழுந்த பர்னரையும் திருத்தப் பார்க்க வேண்டாம், மாற்றுவதே சிக்கனம்.

அதே நாளில் ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, எலி கடித்த தடம், உருகிய தடம் இருந்தால் மாற்ற வேண்டும். ஒட்டுப் போடக் கூடாது. வாங்கும்போது எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதா என்று கேளுங்கள். பிறகு ரெகுலேட்டரைத் திறந்து, அடுப்பின் குமிழ்களை மூடியபடியே, ஒவ்வொரு இணைப்பிலும் சவர்க்கார நுரையைப் பூசுங்கள். குமிழி எழும்பினால் கசிவு. நெருப்புக்குச்சியால் சோதிப்பவர்களை இன்னும் காண்கிறேன். அது உயிரோடு விளையாடுவது.

மூக்கை மட்டும் நம்பவும் கூடாது. எரிவாயுவுக்கு இயற்கையில் மணமில்லை. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற இடத்துப் பாடசாலையில் மணமற்ற எரிவாயு கசிந்து வெடித்ததில் சுமார் 300 பிள்ளைகளும் ஆசிரியர்களும் இறந்தார்கள். அதன் பின்னரே மணமூட்டுவது அங்கு சட்டமாயிற்று. நமது சிலிண்டரில் இதற்காகச் சேர்ப்பது எதைல் மேர்கப்டன். அதன் அளவு போதுமா என்பது 2021 டிசம்பரில் இங்கும் பெரும் சர்ச்சையானது. மணம் இருந்தாலும், தடிமன் பிடித்த நாளிலும் கருவாடு பொரிக்கும் நேரத்திலும் நமக்குத் தெரியாமல் போகலாம். நுரை பொய் சொல்லாது.

சிலிண்டர் முடியும் தறுவாயில் சரித்து வைப்பதும் சுடுநீரில் வைப்பதும் நம் ஊர்ப் பழக்கம். சரித்தால் திரவமே ஹோஸுக்குள் வரும், சுடுநீரில் அமுக்கம் ஏறும். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

வீட்டில் யாருக்குத் தெரியும்?

நம் மாவட்டத்தில் தாய் மத்திய கிழக்கில் உழைக்க, பாட்டியோ பதினான்கு வயது மகளோ அடுப்பைப் பார்க்கும் குடும்பங்கள் பல. இத்தகைய வீடுகளில் நான் முதலில் கேட்பது, ரெகுலேட்டரை மூடத் தெரியுமா என்பதையே. மகளுக்குக் குமிழ் தெரிகிறது, ரெகுலேட்டர் தெரியவில்லை. பாட்டிக்கு இரண்டும் பயம். வெளிநாடு போகுமுன் நகைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசிக்கும் தாய், இந்த ஐந்து நிமிடப் பாடத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். மகனுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். அவனும் சாப்பிடுபவன்தான்.

கேஸ் மணம் வந்தால் எந்த சுவிச்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, பிள்ளைகளுடன் வெளியேறுங்கள். தொலைபேசியை வெளியே போய் எடுங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990. தீக்காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசையோ முட்டையோ பூச வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்கவும் வேண்டாம். சமைக்கும்போது நைலோன் சோலும் தொங்கும் முந்தானையும் ஆகாது.

இவ்வளவும் செய்து, நுரைச் சோதனையும் பார்த்த பின், புது சிலிண்டரின் வாயிலோ புது ரெகுலேட்டரிலோ கசிவு இருந்தால் அது உங்கள் பிழை அல்ல. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். விற்ற இடத்தில் மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடுங்கள். "கேஸ் மணக்குது" என்று மட்டும் சொல்லாமல், "ரெகுலேட்டர் பூட்டும் இடத்தில் நுரை எழும்புது" என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரரும் அதிகாரியும் உங்களைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும்.

இந்த மாதம் ஒரு நாளைக் குறித்து, கலண்டரில் வட்டமிட்டு, பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு உங்கள் அடுப்பைக் கழற்றிப் பாருங்கள். அவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.